விம் ஸ்கிரிப்ட்ல தொறக்குற டயலாக் விண்டோ: ஓகே அமுக்குறதுக்கு முன்னாடியே பேச வைக்கிறது எப்படி? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

விம் எடிட்டர்ல சொந்தமா ஸ்கிரிப்ட் எழுதி, அதுல ஏதாவது கேட்க ஒரு விண்டோ தொறக்குறவங்களுக்காக எழுதினது இது. ஃபங்ஷன் பேரெல்லாம் தமிழ் எழுத்துலயே போட்டிருக்கேன், அண்டர்ஸ்கோர் அப்படியே இருக்கு, ஹெல்ப்ல தேடும்போது இங்கிலீஷ்ல டைப் பண்ணிக்குங்க. உதாரணம் முழுக்க ஒரே ஸ்கிரிப்ட்தான்: ஃபைல்ல ஒரு வார்த்தையை எடுத்துட்டு இன்னொண்ணு போடுறது. பழைய வார்த்தை எது, புதுசு எது, முழு வார்த்தையா இருந்தா மட்டுமா, எந்தெந்த ஃபைல்ல, இப்படி நாலு கேள்வி கேட்கும்.

கேள்வி: என் ஸ்கிரிப்ட்ல ஏற்கனவே ஓகே, கேன்சல் எல்லாம் இருக்கே, இதுக்கு மேல என்ன இன்டராக்டிவ்?

ஓகே கேன்சல் இருக்கிற விண்டோ கேள்வியைக் கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு நிக்கும். நீங்க என்ன டைப் பண்ணாலும் கண்டுக்காது, கடைசியில எண்டர் அமுக்கினதும் எல்லாத்தையும் ஒரே மூச்சுல செஞ்சு முடிச்சுட்டு "அந்த வார்த்தை இல்லை"ன்னு சொல்லும், இல்லைன்னா அதைவிட மோசமா 340 இடத்துல மாத்திட்டேன்னு சொல்லும். நான் இன்டராக்டிவ்னு சொல்றது, எழுத்து ஒவ்வொண்ணா விழும்போதே "இது 12 இடத்துல இருக்கு, இதோ பாரு"ன்னு பின்னாடி ஃபைல்ல கலர் அடிச்சுக் காட்டுற விண்டோவை. பட்டன் எத்தனை, பார்டர் அழகா இருக்கா இதெல்லாம் அப்புறம். எண்டர் அமுக்குறதுக்கு முன்னாடியே என்ன நடக்கப்போகுதுன்னு தெரியணும், எஸ்கேப் அமுக்கினா ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கணும், இந்த ரெண்டுக்காகத்தான் கீழ இருக்கிற பாதி வேலை.

கேள்வி: எந்த வெர்ஷன் வேணும்?

பாப்அப் விண்டோ (ஃபைல் மேல மிதக்குற சின்ன விண்டோ) 8.2ல வந்தது, அது ரிலீஸ் ஆனது 2019 டிசம்பர். டைமர், பின்னாடி ஓடுற ஜாப் ரெண்டும் அதுக்கு முன்னாடியே 2016ல 8.0லயே வந்தாச்சு. சில இடத்துல சின்ன பில்டா போட்டிருப்பாங்க, அதுல பாப்அப் இருக்காது, அதனால ஸ்கிரிப்ட் ஆரம்பத்துலயே ஹேஸ் ஃபங்ஷன்ல "பாப்அப்வின்" இருக்கான்னு பாத்துட்டு இல்லைன்னா பழைய வழிக்குப் போயிடுங்க.

கேள்வி: பழைய கன்ஃபர்ம், இன்புட் ஃபங்ஷனே போதாதா?

நிறைய இடத்துக்கு போதும், சும்மா பாப்அப் போடணும்னு ஆசைப்பட்டு போடாதீங்க. கன்ஃபர்ம்ல சாய்ஸ் பேருக்குள்ள & போட்டா அடுத்த எழுத்து ஷார்ட்கட் ஆயிடும், முதல் சாய்ஸுக்கு 1, ரெண்டாவதுக்கு 2ன்னு வரும், எஸ்கேப் அமுக்கினா 0 வரும். இந்த 0வை கவனிக்காம "1 இல்லைன்னா ரெண்டாவதுதான்"னு எழுதுறவங்க ரொம்ப ஜாஸ்தி, யூசர் பயந்து எஸ்கேப் அமுக்குவார், ஸ்கிரிப்ட் ரெண்டாவது சாய்ஸை ஓட்டிடும்.

இன்புட்ல இதே பிரச்சனை வேற ரூபத்துல இருக்கு. கேன்சல் பண்ணாலும் காலி ஸ்ட்ரிங்தான், ஒண்ணும் டைப் பண்ணாம எண்டர் தட்டினாலும் காலி ஸ்ட்ரிங்தான். நம்ம உதாரணத்துல புது வார்த்தை காலின்னா "பழசை அழிச்சிடு"ன்னு அர்த்தம், கேன்சல்னா "விட்டுடு"ன்னு அர்த்தம், ரெண்டும் ஒண்ணா வந்தா எப்படி? இன்புட்டயலாக் ஃபங்ஷன்ல மூணாவதா கேன்சலுக்குன்னு தனி மதிப்பு கொடுக்கலாம், யாரும் டைப் பண்ணவே மாட்டாங்கன்னு தோணுற ஏதாவது ஒரு ஸ்ட்ரிங் கொடுத்துடுங்க. ஒரு மேப்பிங்குக்குள்ள (ஒரு கீ தட்டினா வேற கீ வரிசை ஓடுற மாதிரி வச்சிருக்கிறது) இருந்து கேட்கிறீங்கன்னா முன்னாடி இன்புட்சேவ், பின்னாடி இன்புட்ரெஸ்டோர் போடுங்க, இல்லைன்னா மேப்பிங்ல மிச்சம் இருக்கிற எழுத்தையே பதிலா எடுத்துக்கும்.

கேள்வி: இன்புட்ல டைப் பண்ணும்போதே பின்னாடி ப்ரிவியூ காட்ட முடியுமா?

முடியும், இது நிறைய பேருக்கு தெரியாத நல்ல வழி. இன்புட் ஓடுறப்ப விம் அதையும் ஒரு கமாண்ட்லைனாத்தான் பாக்குது, அதோட வகை @. அதனால கமாண்ட்லைன்சேஞ்ச்டு ஆட்டோகமாண்டை (ஏதாவது நடக்கும்போது தானா ஓடுற கமாண்ட்) @ பேட்டர்னோட போட்டா ஒவ்வொரு எழுத்துக்கும் அது ஓடும், அதுக்குள்ள கெட்கமாண்ட்லைன் கூப்பிட்டா இதுவரைக்கும் டைப் பண்ணது கிடைக்கும் (நிஜப் பேர்ல கமாண்டுங்கிறதை சி எம் டின்னு சுருக்கி வச்சிருக்காங்க). அதை மேட்ச்ஆட்ல கொடுத்து ஹைலைட் பண்ணிட்டு ஒரு ரீடிரா (திரையை மறுபடி வரையுற கமாண்ட்), அவ்வளவுதான். இன்புட் முடிஞ்சதும் ஆட்டோகமாண்டையும் ஹைலைட்டையும் எடுத்துடணும், அதை ட்ரை-ஃபைனலி ப்ளாக்ல வைங்க, நடுவுல எரர் வந்தாலும் எடுத்துடும்.

ஒரு எச்சரிக்கை. யூசர் பாதி டைப் பண்ணின பேட்டர்ன் தப்பா இருக்கும், திறந்த ப்ராக்கெட் மூடியிருக்காது, எழுத்துக்கு எழுத்து எரர் கொட்டும். முன்னாடி \ போட்ட வீ (கேப்பிடல்) சேர்த்து, டைப் பண்ணதுல இருக்கிற \ எல்லாத்துக்கும் முன்னாடி இன்னொரு \ போட்டுக் கொடுத்தா எல்லாம் சாதா எழுத்தா எடுத்துக்கும். காலி ஸ்ட்ரிங் வந்தா மேட்ச்ஆட் பக்கமே போகாதீங்க.

கேள்வி: பாப்அப்_மெனு தொறந்தேன், யூசர் தேர்ந்தெடுக்கிறதுக்கு முன்னாடியே அடுத்த வரி ஓடிடுது, வேரியபிள் காலியா இருக்கு. இது விம்மோட பக்தானா (பிழை)?

பக் இல்லை. எல்லாரும் மொதல்ல விழுற குழி இது, நானும் ஒரு சாயங்காலம் பூரா விழுந்து கிடந்தேன். கன்ஃபர்ம் காத்திருக்கும், பாப்அப் காத்திருக்காது. விண்டோவை வரைஞ்சுட்டு அதோட ஐடியைக் கையில கொடுத்துட்டு ஃபங்ஷன் திரும்பி வந்துடும், பதில் எப்பவோ கால்பேக்லதான் (விண்டோ மூடும்போது விம் கூப்பிடுற உங்க ஃபங்ஷன்) வரும். அதனால "கேளு, அப்புறம் செய்"ங்கிற மாதிரி மேலிருந்து கீழ எழுதுற பழக்கத்தை விட்டுட்டு, செய்யுற வேலையை முழுசா கால்பேக்குக்குள்ள தள்ளணும்.

கால்பேக்குக்கு ரெண்டு விஷயம் வரும், விண்டோ ஐடி, ரிசல்ட். மெனுவுல முதல் வரிக்கு 1, பூஜ்யத்துல ஆரம்பிக்காது, ஆனா விம் லிஸ்ட் 0ல ஆரம்பிக்கும், அதனால ஒண்ணு கழிக்க மறந்தா பக்கத்து வரி கிடைக்கும். கேன்சல்னா -1. இங்க ஒரு பொடி வைக்கிறேன்: -1 வந்ததைப் பாக்காம அதுல ஒண்ணு கழிச்சா -2 ஆகும், விம்ல அது கடைசிக்கு முந்தின ஐட்டம், எரர் எதுவும் வராது, அமைதியா தப்பான ஃபைல்ல வேலை நடக்கும். மூலையில இருக்கிற எக்ஸ் குறியை மவுஸ்ல க்ளிக் பண்ணி மூடினா -2 வரும், நீங்களே பாப்அப்_க்ளோஸ்ல ரிசல்ட் கொடுக்காம மூடினா 0 வரும். அதனால "0க்கு மேல இருந்தா மட்டும்"னு முதல் வரியிலயே ஒரு செக் போடுங்க.

கேள்வி: ஃபில்டர்னா என்ன, வடிகட்டுறதா?

பேர் குழப்புது, ஒத்துக்கிறேன். பாப்அப் தொறந்திருக்கிறப்ப யூசர் தட்டுற ஒவ்வொரு கீயும் முதல்ல இந்த ஃபங்ஷன்கிட்ட வரும். "இதை நான் பாத்துக்கிட்டேன்"னா ட்ரூ திருப்பணும், "எனக்கு வேண்டாம், நீயே வச்சுக்கோ"ன்னா ஃபால்ஸ், அப்ப அந்த கீ வழக்கம் போல எடிட்டருக்குப் போகும். பாப்அப் ஃபோகஸ் எடுத்துக்காது, கர்சர் உங்க ஃபைல்லயேதான் இருக்கும், உயிர் வாங்குறதும் கொடுக்குறதும் இந்த ஃபில்டர்தான். ரெண்டு பாப்அப் ஒண்ணா தொறந்திருந்தா இசட்இண்டெக்ஸ் (எது மேல இருக்குன்னு சொல்ற நம்பர்) அதிகமா இருக்கிறதோட ஃபில்டருக்கு முதல்ல கீ போகும்.

கீயை ஒப்பிடும்போது டபுள் கோட்ஸ்தான் போடணும். சிங்கிள் கோட்ஸ்ல எஸ்கேப், எண்டர் கீ பேரையெல்லாம் எழுதினா அதை அப்படியே எழுத்தாத்தான் பாக்கும், ஒரு நாளும் மேட்ச் ஆகாது. பழைய ஸ்கிரிப்ட் மொழியில == போட்டா இக்னோர்கேஸ் செட்டிங்கைப் பொறுத்து மாறும், ==# போடுங்க, 9.0ல வந்த புது விம்9 ஸ்கிரிப்ட்ல அந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: டைப் பண்ண பண்ண லிஸ்ட் சுருங்கணும், எப்படி?

ஒரு வேரியபிள்ல இதுவரை டைப் பண்ணதை வச்சுக்குங்க. ஃபில்டருக்கு சாதா எழுத்து வந்தா அதுல சேர்த்து, மேட்ச்ஃபஸ்ஸி ஃபங்ஷன்ல (எழுத்தை விட்டு விட்டு டைப் பண்ணாலும் பொருந்துறதை எடுத்துக் கொடுக்கும்) முழு லிஸ்டையும் கொடுத்து வர்றதை பாப்அப்_செட்டெக்ஸ்ட்ல போடுங்க, டைப் பண்ணதை பாப்அப்_செட்ஆப்ஷன்ஸ் வழியா டைட்டில்ல காட்டுங்க. மேல கீழ போறது, எண்டர், இதுக்கெல்லாம் இருக்கிற பாப்அப்_ஃபில்டர்_மெனுகிட்டயே கீயைத் தள்ளிவிடலாம்.

ஆனா ஒண்ணு, அந்த ரெடிமேட் ஃபில்டர்ல ஜே, கே ரெண்டும் கீழ மேல போறதுக்கு, எக்ஸ் அமுக்கினா மூடிடும், ஸ்பேஸ் அமுக்கினா தேர்ந்தெடுத்துடும். அதனால யூசர் எக்ஸ் இருக்கிற ஃபைல் பேரைத் தேடினா விண்டோ டப்னு மூடிக்கும், அவருக்கு ஏன்னே புரியாது. எழுத்தெல்லாம் உங்க கையில பிடிச்சுக்கிட்டு, அம்புக்குறி, கண்ட்ரோல்-என், கண்ட்ரோல்-பி, எண்டர், எஸ்கேப் மட்டும் அதுகிட்ட அனுப்புங்க.

லிஸ்ட் சுருங்கினதும் கர்சரை வின்_எக்ஸிக்யூட் வழியா முதல் வரிக்கு கொண்டு வந்துடுங்க, இல்லைன்னா பழைய ஏழாவது வரியை நினைச்சுக்கிட்டு இருக்கும், லிஸ்ட்ல மூணுதான் இருக்கும். கால்பேக்ல வர்ற நம்பரும் சுருங்கின லிஸ்ட்டோட நம்பர், முழு லிஸ்ட்ல போய் எடுக்காதீங்க. பேக்ஸ்பேஸுக்கு ஸ்ட்ர்பார்ட் போடாதீங்க, அது பைட் கணக்கு, யூடிஎஃப்-8ல ஒரு தமிழ் எழுத்துக்குறியே 3 பைட், ஒரு பைட்டை வெட்டினா குப்பைதான் தெரியும், ஸ்ட்ர்கேர்பார்ட்தான் சரி.

அப்புறம் ஒரு அழகு விஷயம். லிஸ்ட் மாறும்போதெல்லாம் விண்டோ சுருங்கி விரிஞ்சு துள்ளும், கண்ணு வலிக்கும். மின்விட்த் மேக்ஸ்விட்த் ரெண்டும் ஒண்ணா வச்சுடுங்க, உயரத்துக்கும் அதே மாதிரி, அசையாம நிக்கும்.

கேள்வி: செக்பாக்ஸ், பட்டன் எல்லாம் உண்டா?

ரெடிமேடா கிடையாது, நாமளே வரையணும். வரி ஆரம்பத்துல சதுர ப்ராக்கெட் போட்டு, ஸ்பேஸ் வந்தா உள்ள குறியை மாத்தி, மறுபடி செட்டெக்ஸ்ட். ஸ்பேஸை மெனு ஃபில்டருக்கு போக விடாம நீங்க பிடிச்சுக்கிட்டா போதும். எந்த வரியில இருக்கோம்னு லைன் ஃபங்ஷன்ல ரெண்டாவதா விண்டோ ஐடி கொடுத்தா சொல்லும். மவுஸ் க்ளிக்கும் ஒரு கீயாத்தான் ஃபில்டருக்கு வரும், எந்த வரி எந்த காலம்னு கெட்மவுஸ்பாஸ் சொல்லும், டெர்மினல்ல மவுஸ் ஆப்ஷன் ஆன் பண்ணியிருக்கணும். ஆனா மவுஸை மட்டும் நம்பி எதையும் வைக்காதீங்க, விம் ஆளுங்க மவுஸைத் தேடி கையை எடுக்க மாட்டாங்க.

கேள்வி: எஸ்கேப் அமுக்கினா ஒரு செகண்ட் கழிச்சுத்தான் மூடுது.

டெர்மினல்ல அம்புக்குறி மாதிரி நிறைய கீ எஸ்கேப் எழுத்துலதான் ஆரம்பிக்கும், அதனால இது தனி எஸ்கேப்பா இல்லை பின்னாடி இன்னும் ஏதாவது வருதான்னு விம் காத்திருக்கு. டிடைம்அவுட்டை ஆன் பண்ணி டிடைம்அவுட்லென்னை 100 மில்லிசெகண்ட் ஆக்குங்க. இந்தத் தாமதம் இருக்குறதாலதான் விம் ஹெல்ப்லயே பாப்அப்பை மூட எக்ஸ் கீயை வழக்கமா வச்சிருக்காங்க.

கேள்வி: என் மெஷின்ல சரியா ஓடுது, நண்பர் மெஷின்ல ஜே அமுக்கினா வேலை செய்யலை.

அவர் ஜேயை ஜிஜேன்னு மேப் பண்ணி வச்சிருப்பார், பந்தயம் கட்டுறேன். பாப்அப்_க்ரியேட்ல தொறந்த விண்டோவுக்கு மேப்பிங் ஆப்ஷன் டிஃபால்ட்டா ட்ரூ (பாப்அப்_மெனு, பாப்அப்_டயலாக்ல ஃபால்ஸ்), அதாவது மேப்பிங் எல்லாம் ஓடின பிறகுதான் ஃபில்டருக்கு கீ வரும், ஜிங்கிற கீ முதல்ல வந்து நிக்கும். அதை ஃபால்ஸ் ஆக்கிட்டா தட்டினது தட்டின மாதிரி வரும். லீடர் கீ மாதிரி நீளமான மேப்பிங் இருந்தா டைம்அவுட்லென் வரைக்கும், அதாவது டிஃபால்ட்டா 1000 மில்லிசெகண்ட், கீ வராம முழிச்சுக்கிட்டு இருக்கிற பிரச்சனையும் இதோட போயிடும்.

கேள்வி: ப்ரிவியூ காட்டினேன், கேன்சல் பண்ணா ஃபைல் மாறியே நிக்குது.

ப்ரிவியூவுக்கு ஃபைலையே மாத்திட்டு அப்புறம் அண்டூ பண்ணலாம்னு நினைச்சிருப்பீங்க. வேண்டாம். அண்டூ வரலாறு அசிங்கமாகும், ஃபைல் மாறினதா குறி விழும், நடுவுல எரர் வந்தா பாதி மாறின ஃபைலோட உக்காந்திருப்பீங்க. ஃபைலைத் தொடாம மேல கலர் மட்டும் அடிங்க: மேட்ச்ஆட் கொடுக்கிற ஐடியை வச்சுக்கிட்டு முடிஞ்சதும் மேட்ச்டெலீட். மாத்தினா எப்படி இருக்கும்னு காட்டணும்னா கர்சர் பக்கத்துல இன்னொரு சின்ன பாப்அப்ல பழைய வரி, புது வரி ரெண்டையும் போட்டுக் காட்டுங்க. ப்ரிவியூ ஸ்க்ரோல் பண்ணுதுன்னா விண்டோ தொறக்குறதுக்கு முன்னாடி வின்சேவ்வியூ, கேன்சல்ல வின்ரெஸ்ட்வியூ. இதை விட்டுட்டீங்கன்னா ஃபைல் மாறியிருக்காது, ஆனா யூசர் 800வது வரியில இருந்து 12வது வரிக்கு வந்து நிப்பார், அவருக்கு அதுவும் ஏதோ மாறின மாதிரிதான்.

கேள்வி: பெரிய ப்ராஜெக்ட்ல ஒவ்வொரு எழுத்துக்கும் திணறுது.

ஒவ்வொரு எழுத்துக்கும் தேடாதீங்க. எழுத்து வந்ததும் பழைய டைமரை டைமர்_ஸ்டாப்ல நிறுத்திட்டு புதுசா டைமர்_ஸ்டார்ட்ல 150 மில்லிசெகண்ட் வைங்க, கை நின்னதும்தான் தேடல் ஓடும். டைப் பண்ண எழுத்தை மட்டும் உடனே காட்டிடணும், அது தாமதமானா மனுஷனுக்கு கோபம் வரும், ரிசல்ட் கொஞ்சம் லேட்டானா வராது. ஃபைல் நிறைய இருந்தா ஜாப்_ஸ்டார்ட்ல வெளிப்புற தேடல் ப்ரோக்ராமை ஓட்டி, வர வர பாப்அப்ல சேர்க்கலாம், ஆனா முந்தின தேடலோட பதில் லேட்டா வந்து புது பதில் மேல உக்காரும், அதனால ஒவ்வொரு தேடலுக்கும் ஒரு நம்பர் கொடுத்து, கடைசி நம்பர் இல்லைன்னா தூக்கிப் போட்டுடுங்க. விண்டோ மூடின பிறகும் டைமர் ஓடும், கால்பேக்ல அதை நிறுத்துங்க.

கேள்வி: நாலு கேள்வியையும் வரிசையா கேட்டு, முந்தினதுக்குத் திரும்பிப் போகவும் விடணும்.

ஒரு டிக்ஷனரியில பதில்களை வச்சுக்கிட்டு, எத்தனாவது படின்னு ஒரு நம்பர், "இந்த படியைக் காட்டு"ன்னு ஒரே ஒரு ஃபங்ஷன். ஒவ்வொரு கால்பேக்கும் பதிலை எழுதிட்டு நம்பரை ஏத்தி அந்த ஃபங்ஷனைக் கூப்பிடும், பின்னாடி போகணும்னா இறக்கிக் கூப்பிடும். கால்பேக்குக்குள்ள கால்பேக், அதுக்குள்ள கால்பேக்னு எழுதினா மூணாவது படியிலயே தலை சுத்தும். திரும்பிப் போறப்ப முன்னாடி கொடுத்த பதில் அங்கேயே இருக்கணும். டைட்டில்ல "2/4"ன்னு போடுங்க. என் கருத்து, நாலுக்கு மேல படி இருந்தா விட்டுட்டு எல்லாத்தையும் ஒரே பாப்அப்ல செக்பாக்ஸா வைங்க.

கேள்வி: நீளமா டைப் பண்ண நிஜமான இடம் வேணும், பாப்அப்ல இன்சர்ட் மோட் போக முடியலையே?

முடியாது, அது ஃபோகஸ் எடுக்காதுன்னு மேலயே சொன்னேன். சின்ன ஸ்ப்ளிட் தொறந்து பஃப்டைப்பை ப்ராம்ப்ட் ஆக்கி, ப்ராம்ப்ட்_செட்கால்பேக் போட்டா எண்டர் தட்டும்போது வரி உங்க ஃபங்ஷனுக்கு வரும், உங்க எடிட்டிங் கீ, பேஸ்ட் எல்லாம் வேலை செய்யும்.

கேள்வி: மாட்டிக்கிட்டேன், எந்த கீ அமுக்கினாலும் விண்டோ போக மாட்டேங்குது!

கண்ட்ரோல்-சி அமுக்குங்க. அது ஃபில்டருக்கே போகாது, விம் நேரா மூடிடும், கால்பேக்குக்கு -1 போகும். எல்லா கீயையும் விழுங்கிட்டு எப்பவும் ட்ரூ திருப்புற ஃபில்டர் எழுதினா இப்படித்தான் ஆகும். நிறைய பாப்அப் சிதறிக் கிடந்தா பாப்அப்_க்ளியர். இதுக்கு எதிரான கேஸும் உண்டு, விண்டோ தானா மூடிக்குதுன்னா ஃபில்டர்ல எரர் இருக்கு, தொடர்ந்து மூணு தடவை எரர் வந்தா விம் அதை மூடிடும். மெசேஜஸ் கமாண்ட் போட்டுப் பாத்தா வரி நம்பரோட இருக்கும்.

கேள்வி: நியோவிம், வேற எடிட்டர்லயும் இதே கதையா?

நியோவிம்ல இந்த பாப்அப் ஃபங்ஷன் கிடையாது, மிதக்குற விண்டோ இருக்கு, அது நிஜ விண்டோ, உள்ள போய் டைப் பண்ணலாம். 0.6ல இருந்து விம்.யூஐ.செலக்ட், விம்.யூஐ.இன்புட் இருக்கு, அதை யூஸ் பண்ணா யூசர் தனக்குப் பிடிச்ச பிளகினால தோற்றத்தை மாத்திக்கலாம், கேன்சலுக்கு நில் (மதிப்பே இல்லைங்கிறதுக்கான குறி) வரும், காலி ஸ்ட்ரிங் தனியா வரும், நிம்மதி. சப்ளைம்ல இன்புட் பேனலுக்கு ஆன்_சேஞ்ச், க்விக் பேனலுக்கு ஆன்_ஹைலைட்னு ப்ரிவியூவுக்கே கால்பேக் இருக்கு, க்விக் பேனல்ல கேன்சல்னா -1. விஎஸ் கோட்ல இன்புட் பாக்ஸுக்கு வேலிடேட்இன்புட் கொடுத்தா டைப் பண்ணும்போதே தப்பைச் சொல்லும், வேற இடத்துல க்ளிக் பண்ணா மூடிக்கிறதை நிறுத்த இக்னோர்ஃபோகஸ்அவுட். ஈமாக்ஸ்காரங்களுக்கு 28ல இருந்து ட்ரான்சியன்ட் உள்ளயே வருது, ஆப்ஷன் நிறைய இருக்கிற மெனுவுக்கு அதை அடிச்சுக்க ஆள் இல்லை.

கேள்வி: எல்லாத்துக்கும் "நிச்சயமா?"ன்னு ஒரு யெஸ்-நோ வச்சிடலாமா?

பாப்அப்_ஃபில்டர்_யெஸ்நோ இருக்கு, ஒய் அமுக்கினா 1, என், எக்ஸ், எஸ்கேப் எதுவா இருந்தாலும் 0. ஆனா பத்து தடவை கேட்டா பதினோராவது தடவை படிக்காமயே ஒய் தட்டுவாங்க, நானே அப்படித்தான் தட்டுறேன். ஒரு யூ (அண்டூ) அமுக்கினா திரும்பி வர்ற வேலைக்கு கேட்காதீங்க, செஞ்சுட்டு பாப்அப்_நோட்டிஃபிகேஷன்ல "12 இடத்துல மாத்தியாச்சு, யூ அமுக்கினா பழையபடி ஆகும்"னு காட்டுங்க, டிஃபால்ட்டா 3 செகண்ட்ல தானா போயிடும். டிஸ்க்ல இருக்கிற ஃபைலை அழிக்கிறதுக்கு கேளுங்க, அங்க "நிச்சயமா"ன்னு மட்டும் கேட்காம ஃபைல் பேரையும் சேர்த்து கேளுங்க.